சாயங்காலம் மட்டும் துள்ளும் ஹெட் டிராக்கர்

தம்பி, உன் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும். தலையைத் திருப்பினால் விளையாட்டுக்குள் பார்வையும் திரும்பும்படி செய்யும் ஹெட் டிராக்கர் ஒன்றை நீயே செய்திருக்கிறாய். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஓட்டு வீடு. பழைய வெப்கேம் ஒன்றின் உள்ளே இருந்த ஐஆர் (அகச்சிவப்பு) தடுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறாய். ஹெட்போனின் இடது காதுப் பக்கம் மூன்று ஐஆர் எல்இடி வைத்த கிளிப், கணினியில் தலை அசைவைக் கணக்கிடும் ஓப்பன்டிராக் மென்பொருள். விளையாடுவது யூரோ டிரக் சிமுலேட்டர் 2, அதுவும் இங்கிலாந்துச் சாலைகளில், ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கும் லாரி. ராத்திரி ஓரளவு நன்றாக ஓடுகிறது. பகலில், முக்கியமாக மூன்று மணிக்கு மேல், பார்வை துள்ளுகிறது. பின்னால் வருவதைக் காட்டும் இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினால் சட்டென்று லாரியின் கூரை தெரிகிறது. மழை மூடிய நாட்களில் தொல்லை குறைவு. மென்பொருளில் அசைவை மென்மையாக்கும் பில்டரைக் கூட்டினால் துள்ளல் அடங்குகிறது, ஆனால் பார்வை இழுத்து இழுத்து வருகிறது. புது கேமரா வாங்கவா, இல்லை கேமராவே வேண்டாம் என்று தலை திரும்புவதை நேரடியாக அளக்கும் ஜைரோ சென்சாருக்கு மாறவா என்று கேட்டிருக்கிறாய்.

இரண்டும் வேண்டாம். மழை மூடினால் சரியாகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரி போதும். உன் கேமராவுக்குள் வெயில் போகிறது. கூரை தெரிவது மட்டும் வேறு காரணம், அதற்குத் தனியாக வருகிறேன். இந்த மாதிரிக் கருவியில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை கேமரா படத்திலேயே தொடங்குகின்றன. படத்தைச் சரிசெய்யாமல் பில்டரையும், தலை அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும் வளைகோட்டையும் திருகிக்கொண்டே இருந்தால் ராத்திரிக்கு ஒரு செட்டிங், பகலுக்கு ஒரு செட்டிங் என்று போய்க்கொண்டே இருக்கும், முடிவே வராது.

மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது எளிதாகப் புரியும். ஓப்பன்டிராக்கில் நீ தேர்ந்தெடுத்திருக்கும் பாயிண்ட் டிராக்கர் உன் முகத்தைப் பார்ப்பதில்லை. கறுப்புப் படத்தில் வெள்ளையாக மூன்று புள்ளி தெரிகிறதா என்று மட்டும்தான் தேடுகிறது. அந்த மூன்றின் இடைவெளியும் கோணமும் எப்படி மாறுகின்றன என்பதை வைத்து, தலை இட வலமாக எவ்வளவு திரும்பியது, மேல் கீழாக எவ்வளவு, தோள் பக்கம் எவ்வளவு சாய்ந்தது, அப்புறம் தலை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று ஆறு எண்களைக் கணக்குப் போட்டு விளையாட்டுக்கு அனுப்புகிறது. நான்காவதாக ஒரு வெள்ளைப் புள்ளி எங்கேயாவது முளைத்தால் கணக்கு கெட்டது. எந்த மூன்றை எடுப்பது என்று ஒவ்வொரு பிரேமிலும் தடுமாறும், ஒரு பிரேமில் சரியான மூன்று, அடுத்த பிரேமில் இரண்டு எல்இடியும் ஒரு வெயில் கீற்றும். திரையில் துள்ளலாகத் தெரிவது அதுதான். பில்டரைக் கூட்டும்போது அந்தத் தப்பான எண்ணையும் சரியான எண்ணையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறாய், அதனால்தான் துள்ளல் போய் இழுவை வந்தது.

பூமிக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்புதான். நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் வெயில் கீற்றுகூட, தடுப்புக் கண்ணாடி கழற்றிய கேமராவுக்குப் பளீரென்று இருக்கும். உன் வீட்டில் இரண்டு இடத்தைச் சந்தேகப்படுகிறேன். ஒன்று, உன் முதுகுக்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில் மேற்கே பார்த்த ஜன்னல் இருக்கிறதா? மூன்று மணிக் கணக்கு அதோடு பொருந்துகிறது. இரண்டாவது, கூரையில் கண்ணாடி ஓடு. நம்மூர்ப் பழைய ஓட்டு வீடுகளில் வெளிச்சத்துக்கு நடுவில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு போட்டிருப்பார்கள், அதன் வழியாக விழும் வெயில் சதுரம் தரையில் தொடங்கி மெதுவாக நகர்ந்து சுவரில் ஏறும். அது உன் தலைக்குப் பின்னால் உள்ள சுவருக்கு வரும் நேரத்தில் கேமராவுக்குப் பெரிய வெள்ளைக் கட்டம் தெரியும். இந்தச் சதுரம் வருடம் முழுக்க ஒரே இடத்தில் விழாது என்பதையும் நினைவில் வை. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கேதான் இருக்கிறோம், ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல், மற்ற மாதங்களில் தெற்கோ வடக்கோ சாய்வு. இந்த மாதம் மேசையை நகர்த்திச் சரிசெய்தது இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வரலாம். அப்போது மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப நிறுவிக்கொண்டிருக்காதே.

வெயில் மட்டும் இல்லை. இழை எரியும் எந்த பல்பும் அகச்சிவப்பைக் கொட்டும். சுவரில் சாமி படத்துக்கோ இயேசு படத்துக்கோ முன்னால் எரியும் பழைய சிவப்பு ஜீரோ வாட் பல்பு, குத்துவிளக்குச் சுடர், மெழுகுவர்த்தி, இவை மூன்றும் உன் எல்இடி மாதிரியே அழகான ஒற்றைப் புள்ளியாகத் தெரியும், அதனால் வெயிலைவிட அதிகமாக ஏமாற்றும். வீட்டு எல்இடி பல்பில் அகச்சிவப்பு மிகக் குறைவு, அதனால் அறை விளக்கைப் பற்றிக் கவலைப்படாதே. மூக்குக்கண்ணாடியின் சட்டம், ஹெட்போனின் பளபளப்பான வளைவு, கழுத்துச் சங்கிலி, இவற்றிலும் உன் எல்இடியின் வெளிச்சமே பட்டுத் திரும்பும். பளபளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் தீர்ந்தது.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதே இல்லை, கண்ணால் பார்க்கலாம். ஓப்பன்டிராக்கைத் தொடங்கினால் கேமரா படம் சின்னதாக ஓடும், கண்டுபிடித்த புள்ளிகளின் மேல் குறியும் போடும். சாயங்காலம் துள்ளும் நேரத்தில் கிளிப்பின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு அந்தப் படத்தைப் பார். எல்இடி எரியாதபோது படம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். ஏதாவது வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. எழுந்து போய் அந்த இடத்தைக் கையால் மறைத்துப் பார்த்தால் எது என்று உறுதியாகிவிடும்.

இப்போது வெளிச்சத்தைத் தடுக்கும் வேலை. ஜன்னலுக்குத் தடித்த திரை போடு, அல்லது மேசையைத் திருப்பி ஜன்னல் கேமராவின் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி வை. அதைவிட முக்கியம் கேமராவின் முன்னால் வைக்கும் வடிகட்டி. தடுப்புக் கண்ணாடியைக் கழற்றியது பாதி வேலைதான், அது அகச்சிவப்பை உள்ளே விடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை வெளியே நிறுத்த இன்னொன்று வேண்டும். இங்கே நிறையப் பேர் வீட்டில் கிடக்கும் எக்ஸ்ரே பிலிமை வெட்டி வைக்கிறார்கள், நீயும் அதைத்தான் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அது உதவாது. எக்ஸ்ரேயின் கறுப்பு வெள்ளித் துகளால் வருவது, அது அகச்சிவப்பையும் சேர்த்தே மறைக்கும், அதனால் உன் எல்இடியும் மங்கிவிடும். தேவைப்படுவது பழைய கலர் பிலிம் ரோல், கழுவிய நெகட்டிவின் ஓரத்தில் படம் எதுவும் இல்லாமல் முழுக் கறுப்பாக இருக்கும் துண்டு. கலர் நெகட்டிவில் கறுப்பைக் கொடுப்பது சாயம், அந்தச் சாயம் அகச்சிவப்பைத் தாராளமாக விடும். பழைய ஸ்டூடியோவில் கேட்டால் பெட்டியில் சுருட்டி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் பின்பக்க உறையில் தேடு. இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார். அதுவும் கிடைக்கவில்லை என்றால் பழைய பிளாப்பியை உடைத்து உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டை வெட்டு, அதுவும் நன்றாக வேலை செய்யும். கைரேகை படாமல் வெட்டி, லென்ஸைச் சுற்றி ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் ஒட்ட வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றியதில் இன்னொரு விளைவு உண்டு, போக்கஸ் கொஞ்சம் மாறிவிடும். லென்ஸைச் சுற்றித் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் ஊசி முனை மாதிரிக் கூர்மையாக வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். புள்ளி சற்றுப் பரந்து, பல பிக்ஸல் அகலத்தில் இருந்தால் மென்பொருளுக்கு அதன் மையத்தைக் கணக்கிடுவது எளிது. ஒரே ஒரு பிக்ஸலில் அடங்கும் புள்ளி அடுத்த பிக்ஸலுக்குத் தாவும்போது பார்வையும் வெடுக்கென்று தாவும்.

அடுத்தது எக்ஸ்போஷர். வெப்கேம் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதே. வடிகட்டி வைத்ததும் படம் இருட்டாகிறது. ஐயோ இருட்டாயிற்றே என்று கேமரா ஒவ்வொரு பிரேமையும் நீண்ட நேரம் எடுக்கத் தொடங்கும், நொடிக்கு 30 பிரேம் வர வேண்டியது 15க்கு இறங்கிவிடும். நீ பில்டரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் இழுவையில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். 30 பிரேமில் ஒரு பிரேமுக்கு 33 மில்லி நொடி, 15 என்றால் 67. கழுத்து அசைவில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கேமரா செட்டிங்கில் தானியங்கி எக்ஸ்போஷரை எடுத்துவிட்டு, உன் முகமே தெரியாமல் மூன்று புள்ளி மட்டும் தெரியும்வரை கையால் குறை. சென்சாரில் விழும் வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கெயினும் குறைவாகவே இருக்கட்டும். அப்புறம் ஓப்பன்டிராக்கில், எவ்வளவு பளிச்சென்று இருப்பதைப் புள்ளியாக எடுப்பது என்று சொல்லும் த்ரெஷோல்டையும் தானியங்கியில் விடாமல் நீயே வை, புள்ளியின் குறைந்தபட்ச, அதிகபட்ச விட்டத்தையும் உன் புள்ளியின் அளவுக்குக் கொஞ்சம் முன்பின் வை. பெரிய ஜன்னல் கட்டம் ஏதாவது தப்பி வந்தாலும் அளவைப் பார்த்தே அதை ஒதுக்கிவிடும்.

புது கேமரா பற்றிக் கேட்டாயே, இந்த வேலையில் பிரபலமானது சோனி 2007ல் பிளேஸ்டேஷன் 3க்காக விட்ட பிளேஸ்டேஷன் ஐ கேமரா, 640க்கு 480 அளவில் நொடிக்கு 60 பிரேம், 320க்கு 240 அளவில் 120 பிரேம் கொடுக்கும். செகண்ட் ஹேண்டில் கைக்கு வந்தால் எடுத்துக்கொள், வித்தியாசம் தெரியும். ஆனால் அதற்குள்ளும் இதே வெயில்தான் போகும். படத்தைச் சுத்தம் செய்த பிறகு வாங்கினால் போட்ட காசுக்கு அர்த்தம் உண்டு.

சரி, கிளிப்புக்கு வருவோம். நீ எந்த எல்இடி வாங்கினாய் என்று எழுதவில்லை, டிவி ரிமோட்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் அது பெரும்பாலும் 940 நானோமீட்டர். கேமரா சென்சாருக்கு 850 நானோமீட்டர்தான் நன்றாகத் தெரியும், 940ல் உணர்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். சிசிடிவி பொருத்துபவர்கள் தெரிந்திருந்தால் தண்ணீர் ஏறிக் கெட்டுப்போன கேமரா ஒன்றைக் கேள், லென்ஸைச் சுற்றி இருக்கும் எல்இடிகள் பெரும்பாலும் 850தான். எரியும்போது இருட்டில் மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் 850, ஒன்றுமே தெரியாமல் போனின் செல்பி கேமராவில் மட்டும் தெரிந்தால் 940. பின்பக்கக் கேமராவில் பார்த்து எரியவில்லை என்று முடிவு கட்டாதே, பல போன்களில் அதற்கு நல்ல ஐஆர் தடுப்பு உண்டு.

சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடியின் உருண்டைத் தலை ஒரு லென்ஸ், வெளிச்சத்தை ஒடுக்கமாக முன்னால் மட்டும் அனுப்பும். நேராக உட்கார்ந்திருக்கும்போது புள்ளி பளிச்சென்று இருக்கும், தலையைத் திருப்பியதும் மங்கிக் காணாமல் போகும். லாரிக் கூரை தெரியும் பிரச்சினையில் இதற்கும் பங்கு இருக்கலாம். அந்த உருண்டையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கிவிடு. மேசைமேல் உப்புத்தாளை விரித்து, எல்இடியின் கால்களைப் பிடித்துத் தலைகீழாக வட்டமாகத் தேய். உள்ளே சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று தெரியும், அதற்கு மேல் 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்காவது மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடு, அதற்குக் கீழே போனால் மெல்லிய கம்பி அறுந்துவிடும். தேய்த்த முகம் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்க வேண்டும், பாலிஷ் போடக் கூடாது, அந்தச் சொரசொரப்புதான் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவைக்கும். கடையில் கேட்டு வாங்குவதாக இருந்தால் அகலக் கோணம் என்று சொல்லி வாங்கு. இந்த வேலைக்கு நிறையப் பேர் பயன்படுத்தும் எஸ்எப்எச் 485பி என்ற எல்இடி பிறப்பிலேயே தட்டைத் தலை, 880 நானோமீட்டர்.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயம். மூன்று எல்இடியையும் ஒரே ரெசிஸ்டரில் பக்கவாட்டாகக் கோத்திருந்தால் பிரித்துவிடு, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். யுஎஸ்பியில் 5 வோல்ட் வருகிறது, ஐஆர் எல்இடி அதில் சுமார் 1.4 வோல்ட் எடுக்கும், மிச்சம் 3.6. 30 மில்லி ஆம்பியர் ஓட 120 ஓம், அதாவது பழுப்பு, சிவப்பு, பழுப்புக் கோடு போட்டது. கால் வாட் ரெசிஸ்டரே தாராளம். மூன்றும் சேர்ந்து 90 மில்லி ஆம்பியர், எந்த யுஎஸ்பி போர்ட்டும் தாங்கும், போன் சார்ஜரும் போதும். வெளிச்சம் போதவில்லை என்று பெரிய பவர் எல்இடிகளைக் கண்ணுக்கு நேரே வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அகச்சிவப்பு எவ்வளவு பட்டாலும் நமக்குக் கூசாது, கண் சுருங்கவும் சுருங்காது, அதனால் ஆபத்தே தெரியாது.

இப்போது கூரை தெரியும் விஷயம். மூன்று புள்ளியை மட்டும் வைத்துக் கணக்குப் போடும்போது சில கோணங்களில் இரண்டு விடை வரும், ஒன்றுக்கொன்று எதிர்ச் சாய்வில். தலை மேலே சாய்ந்திருந்தாலும் கீழே சாய்ந்திருந்தாலும் கேமராவுக்கு மூன்று புள்ளி கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும். மூன்று எல்இடியும் ஒரே தட்டையான குச்சியில் இருந்தால் இந்தக் குழப்பம் மிக அதிகம். நீ அனுப்பிய போட்டோவில் ஐஸ்கிரீம் குச்சியில் மூன்றையும் ஒரே மட்டத்தில் ஒட்டியிருக்கிறாய், அதுதான் சிக்கல். கிளிப்புக்கு ஆழம் வேண்டும். நடு எல்இடி கேமராவை நோக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேல் எல்இடி அதைவிட 4 சென்டிமீட்டர் உயரத்தில், 3 சென்டிமீட்டர் பின்னால். கீழ் எல்இடி 7 சென்டிமீட்டர் கீழே, 8 சென்டிமீட்டர் பின்னால். அப்படி வைத்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வடிவம் தெளிவாக வேறுபடும்.

குச்சியை விட்டுவிடு, சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செய், அல்லது கிழிந்த குடையின் கம்பி. நம்மூரில் இரண்டு பருவமழைக்கும் குடை கிழியும், கம்பிக்குப் பஞ்சம் இல்லை. ஆடாமல் விறைப்பாக நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கிளிப் 1 மில்லிமீட்டர் நடுங்கினால் அது விளையாட்டில் பல மடங்காகப் பெருகித் தெரியும். செய்து முடித்ததும் ஸ்கேலை வைத்து அளந்து, அந்த மில்லிமீட்டர் எண்களை அப்படியே ஓப்பன்டிராக்கின் மாடல் பக்கத்தில் எழுது. ஏற்கெனவே அங்கே இருக்கும் எண்களை மாற்றாமல் விட்டிருந்தாய் என்றால் உன் குச்சிக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. கேமராவின் பார்வைக் கோணத்தையும் அதே மாதிரி சரியாகக் கொடு. கேமரா பக்கத்தில் டைனமிக் போஸ் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், அது தொப்பியில் பொருத்தும் மாடலுக்கு மட்டுமே, கிளிப்புக்கு அதை எடுத்துவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் பல நாள் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கிளிப் எந்தக் காதில் என்பது. நீ ஓட்டுவது வலது பக்க ஸ்டீயரிங், ஆகவே தூரத்துக் கண்ணாடி இடது பக்கம், அதிகம் திரும்ப வேண்டியதும் இடது பக்கம்தான். இடது காதில் கிளிப் இருந்தால், இடது பக்கம் திரும்பும்போது அந்தக் காது பின்னால் போகும், கன்னம் கேமராவுக்கும் எல்இடிக்கும் நடுவில் வரும். ஒரு புள்ளி மறைந்ததும் மென்பொருள் தடுமாறும். கிளிப்பை வலது காதுக்கு மாற்று. இடது பக்கம் திரும்பும்போது வலது காது முன்னால் வரும், மூன்று புள்ளியும் தெரியும். கேமராவையும் மானிட்டரின் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் இன்னும் நல்லது. ஐரோப்பியப் பெருநிலத்தில் இடது ஸ்டீயரிங் லாரி ஓட்டுபவர்களுக்கு இது அப்படியே தலைகீழ், அதனால் மற்றவர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுக்காதே. காதை மாற்றியதும் மாடல் நிலையில் இட வலத் தூரத்தின் குறியை, கூட்டலா கழித்தலா என்று, மாற்ற மறக்காதே. அது தப்பாக இருந்தால் தலையைத் திருப்பும்போதெல்லாம் உடம்பும் சேர்ந்து பக்கவாட்டில் நழுவுகிற மாதிரி இருக்கும். கையால் எண் போடச் சிரமமாக இருந்தால் அங்கேயே ஒரு கேலிபரேஷன் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தித் தோளை அசைக்காமல் தலையை மட்டும் மெதுவாகத் திருப்பினால் அதுவே கண்டுபிடிக்கும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை. ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்து, உன் தலை இருக்கும் உயரத்தில் புத்தகங்களை அடுக்கி, கிளிப் கேமராவைப் பார்க்கும்படி வை. ஓப்பன்டிராக்கின் முகப்பில் ஆக்டோபஸ் ஒன்று ஆடுமே, அதன் பக்கத்தில் டிராக்கரிலிருந்து வரும் ஆறு எண்களும் விளையாட்டுக்குப் போகும் ஆறு எண்களும் தனித்தனியாக ஓடும். டிராக்கர் எண்கள் கடைசி இலக்கத்தில் மட்டும் ஆடினால் கருவி நலமாக இருக்கிறது. பெரிதாக ஆடினால் வெளிச்சமோ த்ரெஷோல்டோ இன்னும் சரியில்லை. பேனை நிறுத்திப் பார், மேசையைத் தட்டிப் பார். மெல்லிய மானிட்டரின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கேமரா, சீலிங் பேன் காற்றிலும் கீபோர்டைத் தட்டும்போதும் ஆடும். பின்னால் சுவரில் அறைந்த ஒரு மரத்துண்டில் கேமராவைப் பொருத்திவிட்டால் அந்த ஆட்டம் அடங்கிவிடும்.

எண்கள் அமைதியான பிறகுதான் பில்டர். பில்டர் பட்டியலில் அக்சேலாவைத் தேர்ந்தெடு, ஸ்மூத்திங்கை அடிமட்டத்தில் இருந்து தொடங்கி, துள்ளல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் ஏற்று. நீ இப்போது வைத்திருக்கும் அளவில் கால்வாசிகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். வளைகோட்டில், நேராகப் பார்க்கும் இடத்தைச் சுற்றிச் சின்ன அசைவுக்குப் பார்வை நகராதபடி தட்டையாக வை, அதற்கு அப்புறம் மெதுவாக ஏறட்டும். தலையைத் திருப்பினாலும் கண் மானிட்டரில்தான் இருக்க வேண்டும், அதனால் நிஜத்தில் 30 பாகைக்கு மேல் திரும்ப முடியாது, அந்த 30ல் விளையாட்டில் 90 பாகை வரை போகிற மாதிரி இழுத்துவிடு. இட வலத்துக்குத் தனித்தனி வளைகோடு வைக்கும் வசதி அந்த வளைகோட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, இடது பக்கம் அதிகமாகவும் வலது பக்கம் குறைவாகவும் வை, வலது கண்ணாடிதான் உன் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே. தலையைத் தோள் பக்கம் சாய்க்கும் அச்சை லாரிக்கு முழுதாக அணைத்துவிடு, விமான விளையாட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். நடுநிலைக்குக் கொண்டுவரும் விசையை ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானுக்குக் கொடு, நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே அது தேவைப்படும்.

ஆக்டோபஸ் ஆடுகிறது, விளையாட்டில் மட்டும் ஆடவில்லை என்ற நிலை வந்தால், ஓப்பன்டிராக்கின் வெளியீட்டில் (விளையாட்டுக்கு எண்களை அனுப்பும் முறை) ப்ரீடிராக் 2.0 என்ஹான்ஸ்டு இருக்கிறதா பார். கடையில் விற்கும் ஹெட் டிராக்கரான டிராக்ஐஆர் கருவியை ஆதரிக்கும் விளையாட்டுகள் அதன் வழியாக ஓப்பன்டிராக்கையும் ஏற்றுக்கொள்ளும். ஓப்பன்டிராக்கை முதலில் தொடங்கிவிட்டு அப்புறம் விளையாட்டைத் திற. விளையாட்டை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் இதையும் அப்படியே ஓட்டு. இதற்கு மேல் அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜைரோ பற்றி. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும் எம்பியு6050 என்ற ஜைரோ சென்சாரும் வைத்துச் செய்வது நல்ல வேலைதான், வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதில் திசைகாட்டி இல்லை, மேல் கீழையும் சாய்வையும் புவியீர்ப்பை வைத்துத் திருத்திக்கொள்ளும், இட வலத்தைத் திருத்த ஆதாரம் எதுவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போகும். திசைகாட்டி உள்ள சென்சாரை வாங்கி ஹெட்போனில் ஒட்டினால் ஸ்பீக்கரின் காந்தம் அதைக் கெடுக்கும். எப்படிச் செய்தாலும் முன்னால் குனிந்து எட்டிப் பார்ப்பது கிடைக்காது, அது திரும்புவதை மட்டும்தான் அளக்கும். குறுக்குச் சாலையில் எட்டிப் பார்த்துத் திரும்பும் லாரிக்காரனுக்கு அது பெரிய இழப்பு. எல்இடியே வேண்டாம் என்பவர்களுக்கு ஓப்பன்டிராக்கிலேயே நியூரல்நெட் டிராக்கர் இருக்கிறது, கண்ணாடி கழற்றாத சாதாரண வெப்கேமில் முகத்தைப் பார்த்தே கணக்குப் போடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். முகத்தில் வெளிச்சம் வேண்டும், பிராசசர் கொஞ்சம் வேலை செய்யும், சன்னமான அசைவில் மூன்று புள்ளி அளவுக்குத் துல்லியம் வராது. நீ பாதிக் கிணறு தாண்டியவன், எல்இடியையே முடித்துவிடு.

கடைசியாக வயரைப் பற்றி. கருங்கல்லுக்குக் கடல் அதிக தூரம் இல்லை, உப்புக் காற்று வரும், ஹெட்போனில் வியர்வையும் இருக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சில மாதத்தில் பச்சை பிடிக்கும், அப்போது ஒரு எல்இடி மட்டும் விட்டு விட்டு எரியும். இது வெயிலைவிட மோசமான கோளாறு, எந்த நேரம் வரும் என்றே சொல்ல முடியாது. எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு, எல்இடியின் கால்களில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் தடவு. வயரை ஹெட்போன் வயரோடு சேர்த்துக் கட்டி, காதுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அளவு தளர்வு விட்டு வை, இழுபட்டாலும் இழுப்பு பற்றவைத்த இடத்துக்குப் போகாது. நாளை மூன்று மணிக்கு எல்இடியை அணைத்துவிட்டு எடுத்த கேமரா படம் ஒன்று, எரியவிட்டு எடுத்தது ஒன்று, இரண்டையும் அனுப்பு. த்ரெஷோல்டு எவ்வளவு வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.